சந்தை வாசல் கல்

புதுச் சந்தையின் வாசல் கல்லில் பொறிக்க ஒரு பழம்பாடல் வரி வேண்டும் என்று ஆள் அனுப்பியிருந்தார் ஹாக்கிம் தோக்தாசின். இலக்கிய ஆசிரியை முகத்தஸ் ஐந்து வரிகளை எழுதி எடுத்துப் போனாள். மாவட்டத்தையே ஆளும் ஹாக்கிம் அந்த ஐந்தையும் ஒதுக்கிவிட்டு, பள்ளியில் படித்த ஒன்றைத் தானே சொன்னார்.

"'என் குதிரை மிதிக்காத மண்ணில்லை.' இதைப் போடுங்க. கீழே என் பேரு."

முகத்தஸ் தேநீரைக் கீழே வைத்தாள். அந்தப் பாட்டின் அடுத்த வரி, 'என்றவன் இன்று மண், மிதிக்கின்றன குதிரைகள்.'

தெரியாமல்தான் சொல்கிறாரா, இல்லை தன்னைச் சோதிக்கிறாரா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேறு வரி இன்னும் கம்பீரமாக இருக்குமே என்று இழுத்தாள்.

"ஏன் டீச்சர், எனக்கு இது பொருந்தாதா?"

பொருந்தும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். வாசலைத் தாண்டிய பிறகுதான், அப்படிச் சொன்னதே பெரிய குற்றமோ என்று தோன்றியது. ஹாக்கிம் வீட்டு விருந்தில் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்த கணக்கு வாத்தியார், இன்று பாலைவன ஓரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.

மறுநாள் ஏழாம் வகுப்பில், அந்தப் பாட்டை இந்த வருடம் நடத்தப்போவதில்லை, அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம் என்றாள். அதுவரை புத்தகத்தையே திறக்காத பிள்ளைகள் மாலைக்குள் முழுப்பாட்டையும் மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

முலாம்பழக்காரன் தன்னைப் பார்த்து இரண்டாம் வரியை முணுமுணுத்ததாக அவளுக்குப் பட்டது. ஹாக்கிமின் கார் இரண்டு நாள் பள்ளி எதிரே நின்றது. ஓட்டுநர் சம்சா வாங்கத்தான் இறங்கினான். ஊரில் வேறு சம்சாக் கடையே இல்லையா?

பொறுக்க முடியாமல், அந்த வரியைப் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதாக ஹாக்கிமுக்குக் கடிதம் எழுதினாள். பதில் அன்றே வந்தது: அப்படியானால் திறப்பு விழாவில் பிள்ளைகள் முழுப்பாட்டையும் பாடட்டும், ஊருக்கே தெளிவாகிவிடும்.

முகத்தஸ் நேரே கல்தச்சர் நோர்மத்தின் பட்டறைக்கு ஓடினாள். கதவைச் சாத்திவிட்டு இரண்டு வரிகளையும் காதோடு சொன்னாள்.

"உஸ்தா, கல்லு கை தவறி உடைஞ்சதுன்னு சொல்லிடுங்களேன்."

இவளை யார் அனுப்பியிருப்பார்கள் என்பதுபோல நோர்மத் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மூலையிலிருந்த கல்லின் மேல் கிடந்த சாக்கை இழுத்தார். ஹாக்கிம் கேட்ட அந்த முதல் வரி ஏற்கெனவே அதில் இருந்தது. எழுத்துகளின் ஓரம் வெயிலிலும் மழையிலும் மழுங்கியிருந்தது. அதன் கீழே, பெயர் வரவேண்டிய இடம் மட்டும் கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

"உடைக்க வேணாம் அக்கா. பார்க்கு, பாலம், ஸ்டேடியம்னு போயிட்டு வந்த கல்லு இது. இவரு நாலாவது ஹாக்கிம். நாலு பேரும் கேட்டது இதே வரிதான், நான் பேரை மட்டும்தான் தேய்ச்சு மாத்துறேன்."