கோலுக்குப் பின்னால் நின்றவர்

பந்து வலைக்குள் போய் விழுந்ததும் தேவராஜா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

தன் கழகம் கோல் போட்டால் ஒரு கழகத் தலைவர் துள்ளிக் குதிக்க வேண்டும். தேவராஜா குதிக்கவில்லை. கலங்கரை விளையாட்டுக் கழகம் இந்தச் சுற்றுப்போட்டியில் தோற்கவேண்டும் என்று கர்த்தரிடம் மன்றாடிக்கொண்டிருந்த ஒரே ஆள் அதன் தலைவர்தான்.

எல்லாம் அவருடைய வாயால் வந்த வினை. தேவாலயத்து நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடலில் கழகக் கப்டன் றயன் அவரிடம் வந்து, மகள் றெபேக்காவைத் தனக்குக் கட்டித் தரும்படி நேராகவே கேட்டுவிட்டான். றயன் குருநகர்ப் பொடியன். மீன் ஏற்றும் கூலர் வாகனம் ஓட்டுகிறவன். தேவராஜாவோ ஓய்வுபெற்ற தபாலதிபர். முகத்துக்கு நேரே முடியாது என்று சொன்னால் கழகம் உடைந்துபோகும். கலங்கரை மூன்று வருடங்களாக ஒரு போட்டிகூட வெல்லவில்லை என்பது அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. அந்தத் தைரியத்தில், போதகர் உட்பட எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"தம்பி, உன்ரை கெட்டித்தனத்தாலை ஒரு கிண்ணம் வெண்டுகொண்டு வா. அண்டைக்கே மோதிரம் மாத்துவம்."

எல்லோரும் சிரித்தார்கள். றயன் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது தென்மராட்சியில் ஒரு கிராமத்தில் அமரர் நமசிவாயம் ஞாபகார்த்தக் கிண்ணம் நடக்கிறது. நமசிவாயம் இளவயதிலேயே கனடாவுக்குப் போய், போன வருடம் அங்கேயே கண்ணை மூடியவர். சொந்த ஊரில் அவருடைய முகம் தெரிந்தவர்கள் குறைவு. ஒருமுறை விடுமுறையில் வந்தபோது கலங்கரைக்கும் சீருடை வாங்கிக் கொடுத்து, தேவராஜாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். அந்தப் புண்ணியவானின் பெயரால் நடக்கும் கிண்ணம் தன் குடும்பத்துக்கே உலை வைக்கும் என்று தேவராஜா கனவிலும் நினைக்கவில்லை.

முதல் போட்டியில் கலங்கரை வென்றது. இரண்டாவதிலும் இதோ, கோல்.

வென்ற விதம்தான் விளங்கவில்லை. எதிரணிப் பொடியன்கள் முதல் பத்து நிமிடம் புலி மாதிரி ஓடினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக வேகம் குறைந்தார்கள். காலடியில் பந்து கிடக்க, தங்கள் கோல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தக் கோலுக்குப் பின்னால், பனைகளின் கீழே, வெள்ளைச் சேட்டுடன் நின்றவர் தேவராஜா மட்டும்தான்.

அவரை அங்கே நிறுத்தியது றயன். "அங்கிள், கோல் விழேக்கை தலைவரும் படத்திலை வரவேணும். இடைவேளைக்குப் பிறகு மற்றக் கோலுக்குப் போங்கோ" என்றான். முன்வாசலில் சனநெரிசல், தலைவரை அதற்குள்ளால் கூட்டிவருவது மரியாதையில்லை என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் பின்பக்கப் பனங்காணியால் கூலர் வாகனத்தில் கொண்டுவந்து இறக்கியதும் அவன்தான். பொடியன் கெட்டவனில்லை என்று தேவராஜாவுக்கும் தோன்றும். மகளைக் கேட்காமல் விட்டிருந்தால் இன்னும் நல்லவனாக இருந்திருப்பான்.

கோல் விழுந்ததும் எதிரணி கீப்பர் விரலால் வலைக்குப் பின்னால் காட்டி, றயனிடம் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"உங்கை ஆர் நிக்கிறது?"

றயன் தேவராஜாவின் முகத்தை நேராகப் பார்த்தான். கண்ணாடிக்கு ஊடாகப் பார்ப்பது மாதிரி.

"எங்கை? ஒருத்தரும் இல்லையே, மச்சான்."

தேவராஜாவுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "டேய் றயன்!" என்று கத்தினார். அவன் திரும்பவில்லை. மற்றப் பொடியன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதினொரு பேரில் ஒருவனுக்கும் அவர் குரல் கேட்டதாகத் தெரியவில்லை. கீப்பர் மட்டும் காதைப் பொத்திக்கொண்டான்.

திரும்பி வரும்போது வாகனத்தில் வைத்து றயனைப் பிடித்துக்கொண்டார். "என்னடா, தலைவர் நிக்கிறது உன்ரை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

"ஐயோ அங்கிள், அவன் உங்களைக் கேக்கேல்லை." றயன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குப் பின்னாலை ஆரோ நிக்கிறதாச் சொல்லுறான். உங்கடை தோளிலை ஒரு கை தெரியுதாம்."

பின்னால் ஐஸ் பெட்டிகள் கிடுகிடுவென்று ஆடின. தேவராஜா தன் தோளைத் தடவிப் பார்த்தார். குளிர்ந்துதான் இருந்தது.

வீட்டில் மனைவி வினிபிரட் சந்தோஷத்தில் வட்டிலப்பம் அவித்து வைத்திருந்தாள். "றயன் பந்தைப் பிரிச்சுக் குடுக்கிற விதத்திலை மற்றப் பக்கத்துப் பொடியளே மயங்கி நிண்டிடுறாங்களாம். எல்லாம் அந்தப் பிள்ளையாலைதானாம்!"

"அவனாலை ஒண்டுமில்லை!" தேவராஜா மேசையில் தட்டினார். "மற்றவங்கள் விளையாடேல்லை. அவ்வளவுதான்."

றெபேக்கா அடுத்த போட்டிக்காக அவருடைய வெள்ளைச் சேட்டுக்கு ஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். சாவகச்சேரியில் பனர் அச்சடிக்கும் கடை ஒன்றில் வடிவமைப்பு வேலை செய்கிறவள். சாதாரணமாகத் தன் சட்டைக்கே ஸ்திரிக்கை போடாதவள். "அப்பா, அவர் விளையாடாமலே எங்கடை ஆக்கள் வெண்டால் நீங்கள் சொல்லுறது சரி" என்றாள்.

அட, இது எனக்கு ஏன் முதலே தோன்றவில்லை என்று நினைத்தார் தேவராஜா. அடுத்த போட்டியில் தலைவர் என்ற அதிகாரத்தைப் பாவித்து றயனை வெளியே இருத்தினார். றயன் உடனே தலையாட்டினான். "சரி அங்கிள். நீங்கள் மட்டும் உங்கடை இடத்திலை நில்லுங்கோ."

அன்று எதிரணி கீப்பர் தேவராஜாவைக் கண்டதும் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்தான். பத்தாம் நிமிடத்தில் பந்தைக் கையில் பிடித்தவன், பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, தானே வலைக்குள் எறிந்துவிட்டு வெளியே ஓடினான். கலங்கரை நாலுக்குப் பூச்சியம்.

"பாத்தியளோ! அவன் இல்லாமலே வெண்டாச்சு!" என்று தேவராஜா வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் போட்டார்.

"ஓம், கேள்விப்பட்டனாங்கள்" என்றாள் வினிபிரட். "தான் காலை வைக்காமலே வெல்ல வைச்சிட்டானாம். குருநகர் முழுக்க இதுதான் கதை."

றயனை இருத்திய நாளில் அவனுடைய புகழ் இரண்டு மடங்காகிவிட்டது.

அன்று வாகனத்தில் மீன் ஏற்ற வேண்டியிருந்ததால் தேவராஜா ஓட்டோவில்தான் திரும்பியிருந்தார். அந்தக் கதையை மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். பின்பக்கப் பனங்காணியடியில் மறித்த ஓட்டோக்காரன், அவர் ஏறும்வரை முகத்தைப் பார்க்கவில்லை. ஏறியபின் கண்ணாடியில் பார்த்தான். பொழுதுபடுகிற நேரம், ஆளரவமில்லாத ஒழுங்கையால் வேகமாகப் போய் ஓரிடத்தில் நிறுத்தினான்.

"ஐயா, உங்கடை இடம் வந்திட்டுது. இறங்குங்கோ."

இறங்கிப் பார்த்தால் சுடலை. கருகிய மேடை, பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை. தேவராஜா காசை நீட்டினார்.

"வேண்டாம் ஐயா. உங்களிட்டை வாங்கேலாது. எனக்குச் சின்னப் பிள்ளையள் இருக்கு." ஓட்டோ பறந்துவிட்டது. அவர் இருட்டில் நெடுந்தூரம் நடந்து போய்த்தான் பஸ் பிடித்தார்.

வினிபிரட் சிலுவை அடையாளம் போடும் வழக்கமில்லாத சபையில் பிறந்தவள். அன்று போட்டுக்கொண்டாள்.

அரையிறுதியில் தேவராஜா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றார். றயன் ஏதாவது சூனியம் செய்கிறானா என்று கையும் களவுமாகப் பிடிப்பது அவருடைய திட்டம். அதற்காக வலையோடு ஒட்டி நின்றார். அங்கே யாரோ வாழையிலை விரித்து, கதலிப் பழமும் கொழுக்கட்டையும் வைத்து, ஒரு இளநீரும் சீவி வைத்திருந்தார்கள். தென்மராட்சி ஆட்களுக்கும் ஒரு மரியாதை தெரிகிறதே என்று மனம் குளிர்ந்தது. வெயில் வேறு. இளநீரைக் குடித்துவிட்டு, கொழுக்கட்டையைக் கடித்தார்.

கீப்பர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அப்படியே மயங்கிச் சாய்ந்துவிட்டான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். எழுந்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி: "முழுக்கச் சாப்பிட்டிட்டாரோ?"

தேவராஜா நின்ற பக்கத்தில் இருந்த சனம் மெல்ல மெல்ல விலகி, கடைசியில் அவரும் பனைகளும் மட்டும் மிஞ்சின. காற்றில்லாத பின்னேரம். ஆனால் அவருக்கு நேர் பின்னால் ஒரு காய்ந்த காவோலை சரசரத்தது. திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. எதிரணிப் பொடியன்கள் பதினொரு பேரும் இன்னமும் அவர் தோளுக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இடைவேளைக்குப் பிறகு மற்றக் கோலுக்கு ஓடினார். பார்வைகளும் கூடவே வந்தன. பேய்க்கும் இடைவேளை தெரிந்திருந்தது. கலங்கரை அன்றும் வென்றது.

"அது படையல்!" வினிபிரட் வீட்டில் தலையில் கை வைத்தாள். "செத்தவைக்கு வைச்ச படையலை எடுத்து ஆரும் தின்னுவினமோ?"

அன்றிரவு தேவராஜாவுக்கு வயிறும் சரியில்லை, மனமும் சரியில்லை. தோளில் யாரோ கை வைத்திருப்பது மாதிரியே கிடந்தது. ஆனால் விடியும்போது ஒரு தெளிவும் வந்தது. அந்த மைதானத்தில் ஒரு பேய் நிற்கிறது. அதுதான் போட்டிகளை வெல்கிறது. அப்படியென்றால் றயனின் கெட்டித்தனம் இதில் எங்கே இருக்கிறது? தான் சொன்ன சொல் தன்னைக் கட்டாது! மகள் தப்பிவிட்டாள்!

இறுதிப் போட்டிக்கு அவர் பயத்தை விழுங்கிக்கொண்டு போனார். பேயைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, பந்துக்கு முதுகைக் காட்டி, பனைகளைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். பேய் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் மட்டும் கலங்கரை மூன்று கோல் போட்டது. ஒவ்வொரு கோலுக்கும் எதிரணி கீப்பர் கோகுலன் தேவாரம் பாடும் சத்தம் கேட்டது.

இருள் விழும் நேரத்தில் பரிசளிப்பு. வழக்கம்போலப் பின்பக்கத்தால் மேடையில் ஏறினார் தேவராஜா. கிண்ணத்தை வழங்க நமசிவாயத்தின் அக்கா நல்லம்மா கதிரையில் உட்கார்ந்திருந்தார். முன்வரிசையில் வினிபிரட்டும் றெபேக்காவும். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தேவராஜாவின் கையில் தரவில்லை. நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னாலே பின்னாலே போனான்.

தேவராஜா அதைக் குனிந்து எடுத்தார். எத்தனை நாள் அடக்கி வைத்த பேச்சு!

"அன்பார்ந்த ரசிகர்களே! இந்த வெற்றிக்குக் காரணம் கப்டன் றயன் எண்டு கதைக்கினம். சுத்தப் பொய்! அவன் இருந்தாலும் வெண்டம், இல்லாட்டியும் வெண்டம். உண்மையைச் சொல்லுறன். இந்த மைதானத்திலை ஒரு பேய் நிக்குது. வெண்டது அந்தப் பேய்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டாம் இடப் பதக்கம் வாங்க வந்து நின்ற கீப்பர் கோகுலன் கைகூப்பினான். அவன் கண்ணில் தண்ணீர்.

"ஓம் ஐயா. உங்கடை வாயாலையே சொல்லிப்போட்டியள். இனிமேலாவது எங்களை விட்டிட்டுச் சாந்தியாய்ப் போங்கோ."

"நானோ? எங்கையடா போறது?" தேவராஜா குழம்பிப்போய் அவன் கையை எட்டிப் பிடித்தார்.

கோகுலன் அலறினான். பிறகு அலறலை நிறுத்தி, பிடித்த கையைத் தடவிப் பார்த்தான். திரும்பிச் சனத்தைப் பார்த்துக் கத்தினான்.

"டேய்! கை சுடுகுதடா! இந்தாளுக்கு உயிர் இருக்குது!"

அந்த நேரம் மேடை விளக்குகள் எரிந்தன. தேவராஜா திரும்பினார். முன்வாசலில் இத்தனை நாளும் தொங்கிய பெரிய பனரைக் கழற்றிக்கொண்டுவந்து மேடைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள். 'அமரர் நமசிவாயம் ஞாபகார்த்தக் கிண்ணம்' என்ற எழுத்துக்குக் கீழே, மாலைக்கும் இரண்டு குத்துவிளக்குக்கும் நடுவே, வெள்ளைச் சேட்டுடன் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது தேவராஜாவேதான். அன்று சேர்ந்து எடுத்த அதே படம்; அருகில் நின்ற நமசிவாயத்தைச் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தார்கள். அவருடைய கை மட்டும், உடம்பில்லாமல், தேவராஜாவின் தோளில் கிடந்தது.

தேவராஜா பனரைத் தொட்டுப் பார்த்தார். "பிள்ளை றெபேக்கா! இது உங்கடை கடையிலை அடிச்ச பனரோ?"

றெபேக்கா நிலத்தைப் பார்த்தாள். றயன் வானத்தைப் பார்த்தான்.

"உயிரோடை இருக்கிற மனுசனுக்கு மாலை போட்டுத் தொங்க விட்டிருக்கிறியள். இவ்வளவு நாளும் ஒருத்தர்கூட இதைக் கவனிக்கேல்லையோ?" தேவராஜா ஒலிவாங்கியிலேயே கத்தினார்.

நல்லம்மா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்ரை தம்பியின்ரை முகம் எனக்குத் தெரியாதே, ஐயா? முதல் நாளே கழட்டச் சொன்னனான்; கிண்ணம் முடியுமட்டும் மூச்சு விடாதேங்கோ எண்டு ஒவ்வொரு கிழமையும் அறக்குளா மீனோடை வந்து கெஞ்சினது உந்தக் கப்டன் பொடியன்தான். உவனைப்போலை கெட்டிக்காரனை நான் காணேல்லை!"