ஐந்து மணிக்குள் லினக்ஸ்

கம்ப்யூட்டர் திரையில் முப்பத்தொரு சதவீதத்தில் நின்ற கோடு இரண்டு மணி நேரமாக அங்கேயே நின்றது. நூலகர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்?" சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"இதோ, முடியப்போகுது."

"காலையிலயும் இதையேதான் சொன்னீங்க. அஞ்சு மணிக்குத் தம்பி வேனோட வந்துடுவான். அதுக்குள்ள அந்த லினக்ஸ் ஓடுனா கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். ஓடலைன்னா அந்த மூலைக்குத் தையல் மெஷின் வருது."

அவள் தம்பிக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில். தேறாததைப் பாகம் பாகமாகப் பிரித்துவிடுவான். நூலகருக்கோ இதை விட மனமில்லை. வாரப் பத்திரிகைக்கு அவர் அனுப்பும் குறுக்கெழுத்துப் புதிர்கள் பதினாறு வருடமாக இதில்தான் பிறக்கின்றன. கட்டம் போட்டுத் தரும் அந்தப் பழைய புரோகிராம் வேறு எதிலும் ஓடாது. என்ன, ஆன் செய்துவிட்டுப் போய்க் குளித்துவிட்டு வந்தால்தான் திரை வரும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் கிழட்டுக் கம்ப்யூட்டரும் துள்ளி ஓடும் என்று நூலகத்துக்கு வரும் வாசகர் ஒருவர் சொல்லியிருந்தார். இருப்பதை அழித்துவிட்டுப் போட இவருக்கு மனசு வரவில்லை. அழிக்காமலே போட வழி உண்டென்று ஒரு புத்தகத்தில் படித்தார். அதன் பெயர் வெர்ச்சுவல் மெஷின். கம்ப்யூட்டருக்குள் பொய்யாக ஒரு கம்ப்யூட்டரை உண்டாக்கி, லினக்ஸை அதற்குள் குடிவைப்பது.

"வெளியில இருக்கறதே நகர மாட்டேங்குது. உள்ள இன்னொண்ணா?" என்றாள் மனைவி.

"உனக்குப் புரியாது." தனக்கும் புரியவில்லை என்பதை அவர் சொல்லவில்லை.

கோடு இப்படி நின்றால் உள்ளே இருப்பதற்கு மெமரி போதவில்லை என்று அர்த்தம் என்றது புத்தகம். மொத்தம் எவ்வளவு என்று பார்த்தார். வாங்கிய அன்றைக்குக் கடைக்காரர் சொன்னதில் பாதிதான் காட்டியது. வயசானால் ஞாபகம் குறையத்தானே செய்யும் என்று தேற்றிக்கொண்டு, இருந்ததில் முக்கால் பங்கை உள்ளே தூக்கிக் கொடுத்தார். கோடு மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. உள்ளே இருந்தது லேசாக அசைய, வெளியே இருந்தது படுத்துவிட்டது. மவுஸை நகர்த்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அம்புக்குறி நகர்ந்திருந்தது.

பெட்டி கொதித்தது. மூடியைக் கழற்றி, மேசை மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். சேர்ந்திருந்த தூசி மொத்தமும் எழுந்து, மனைவி மடித்து வைத்திருந்த துணிகள்மேல் நிதானமாக இறங்கியது.

"இது யார் வேலை?"

"லினக்ஸ்," என்றார் நூலகர், தும்மலுக்கு நடுவில்.

அவள் துணிகளை அள்ளிக்கொண்டு வாஷிங் மெஷின் பக்கம் போனாள். நூலகர் குறுக்கே பாய்ந்தார். "அதைப் போடாதே. கரண்ட் போயிட்டா எல்லாம் போச்சு."

"அப்ப நீங்களே துவைங்க."

வாளியைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு துவைக்க உட்கார்ந்தார். ஒரு துணியைக் கசக்கி முடித்தால் கோடு நாலைந்து சதவீதம் ஏறியது. கசக்கத் துணி தீர்ந்தபோது, துவைத்ததையே மறுபடி துவைத்தார்.

நாலு ஐம்பத்தெட்டுக்குத் திரை நடுவில் ஒரு சின்னச் சதுரத்தில் புது வர்ணம் தெரிந்தது. லினக்ஸ் வந்துவிட்டது. நூலகர் சோப்பு நுரையோடு கைதட்டினார். ஓடிவந்த மனைவி, தூசி முகமும் ஈர வேட்டியுமாகக் குதிக்கும் மனிதரைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இவரை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாகிவிட்டது என்று தோன்றியது.

"சரி, சொன்னா சொன்னதுதான். இது இங்கேயே இருக்கட்டும். தையல் மெஷினை ஜன்னல் பக்கம் போட்டுக்கறேன்."

வாசலில் வேன் வந்து நின்றது. தம்பி கயிற்றோடு உள்ளே வந்தான். "அத்தான், எடுத்துக்கட்டுமா?"

"எதை எடுக்கறே? இங்க பாரு, லினக்ஸ் ஓடுது. நானே போட்டது."

தம்பி குனிந்து சதுரத்தைப் பார்த்தான். சதுரத்துக்கு வெளியேயும் பார்த்தான். பிறகு கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால ரிப்பேருக்குக் கொடுத்தப்ப, திரையில ஒரு கலர்கூட மாறக் கூடாதுன்னு உயிரை வாங்குனீங்களே?"

"ஆமா. நீயும் அப்படியேதான் திருப்பிக் கொடுத்தே."

"அதுக்காகத்தான் அத்தான், உங்க பழைய விண்டோஸை ஒரு வெர்ச்சுவல் மெஷின்ல அடைச்சு உள்ள வச்சேன். வெளியில ரெண்டு வருஷமா ஓடிக்கிட்டிருக்கறது லினக்ஸ்தான்."