பின்சக்கரப் பிடிப்பும் மாமனார் வேட்டியும்

பெண் தேடுகிற வயதில் இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவனை ஊர் மாப்பிள்ளையாகப் பார்ப்பதில்லை, விபத்தாகத்தான் பார்க்கிறது. என்னையும் அப்படித்தான் பார்த்தது.

எனக்கு ஊர் பெரிய முதலியார்சாவடி. வேலை புதுச்சேரியில். பல கை மாறி என்னிடம் வந்த சிவப்பு வண்டி அது. எஞ்சின் முன்னால், இழுப்பு பின்சக்கரத்தில், பின்பக்கம் பாரமே கிடையாது. ஒரு மழைநாளில் கோட்டக்குப்பம் வளைவில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஆசையாக மிதித்தேன். வண்டியின் வால் என்னைக் கேட்காமலேயே திரும்பிக்கொண்டது. வந்த திசையைப் பார்த்தபடி ஓர் இளநீர்க் கடை முன்னால் நின்றேன். (கடைக்காரர் அசரவே இல்ல. "தண்ணி நெறைய இருக்கிறதா வெட்டட்டுமா?"ன்னு கேட்டாரு.)

இந்தச் செய்தி மரக்காணம் வரை போய்விட்டது. அங்கேதான் ஸ்டெல்லா இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவள் அப்பா அந்தோணிசாமி உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர். தரகர் கொண்டுவந்த போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே கவலை, இந்த இடம் தட்டிப்போய்விடக் கூடாது. அதற்கு முன் வந்த இடங்களெல்லாம் வண்டியைப் பார்த்தே தட்டிப்போயிருந்தன. அந்தோணிசாமியும் தரகரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். "பையனோட வண்டி வழுக்குதாமே?"

வண்டியை விற்றிருக்கலாம். பஸ்ஸில் போயிருக்கலாம். நான் டயர் ஆராய்ச்சியில் இறங்கினேன்.

சாப்பிடும்போதும் போனில் டயர் வீடியோதான். எல்லா நிபுணர்களும் ஒரே குரலில் சொன்னார்கள்: டயர் அகலமாக இருக்க வேண்டும், ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும், மேலே பட்டன் வெட்டு குறைவாக இருக்க வேண்டும், அப்போதுதான் பின்சக்கரம் ரோட்டை விடாமல் பிடிக்கும். (காய்ஞ்ச ரோட்டுலன்னு நடுவுல ஒரு வார்த்தை சொன்னாங்களாம். அந்த எடத்த விளம்பரம்னு நெனச்சுத் தள்ளி விட்டுட்டேன்.)

டயர் கடை முதலாளிக்கு நான் பாடமே நடத்தினேன். அவர் கைகட்டிக் கேட்டார். "சார் மாதிரி தெரிஞ்சவங்க வர்றதே இல்லங்க," என்று உள்ளேயிருந்து ஒரு ஜோடியை உருட்டிக்கொண்டு வந்தார். யாரும் சீண்டாமல் தூசி படிந்து கிடந்த ஜோடி. அது எனக்காகவே காத்திருந்ததாக நினைத்துப் பூரித்துப்போனேன்.

அம்மா வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். "ஏன்டா சார்லசு, டயர்ல பட்டனே இல்லியே, தேஞ்சத வாங்கிட்டு வந்துட்டியா?"

"உனக்குத் தெரியாதும்மா. இது பிடிச்சா விடாது."

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து பெண் பார்க்கக் கிளம்பினோம். முந்தின நாள் நல்ல மழை. அக்காவும் மாமாவும் பைக்கில். என் பக்கத்தில் அம்மா, மடியில் பழத்தட்டு, முட்டி இரண்டும் தாடை உயரத்தில். ஈசிஆர் ரோடு அதற்குள் காய்ந்திருந்தது. வண்டி கோந்து தடவியது போல ரோட்டில் ஒட்டிக்கொண்டு போனது. மரக்காணம் வரும்வரை அம்மாவிடம் டயர் பெருமை பேசினேன்.

அந்தோணிசாமியின் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் பாத்திகளுக்கு நடுவே மேட்டுப்பாதை, முழுக்கக் களிமண். வாசலில் மொத்தக் குடும்பமும் நிற்பது தெரிந்தது. மாமாவின் பழைய பைக் எங்களைத் தாண்டிச் சாவகாசமாகப் போய்ச் சேர்ந்தது. என் வண்டி நின்றுவிட்டது. மிதித்தேன். பின்சக்கரம் அதே இடத்தில் சுற்றியது. இன்னும் மிதித்தேன். இன்னும் வேகமாகச் சுற்றியது.

அந்தோணிசாமி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "ஒண்ணும் இல்ல தம்பி, தள்ளிடலாம்," என்று சலவை வேட்டியோடு வண்டிக்குப் பின்னால் நின்றார். அந்த மரியாதைக்கு நானும் மரியாதை காட்ட நினைத்து முழுசாக மிதித்தேன்.

திரும்பிப் பார்த்தபோது வேட்டி கறுப்பாக இருந்தது. சட்டையும் கறுப்பு. முகத்தில் கண் மட்டும் தெரிந்தது, அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கூப்பிட்ட பிறகு காபித் தட்டோடு வர வேண்டிய பெண், கூப்பிடாமலேயே பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பின்னாடி வெயிட்டே இல்லப்பா. நம்ம வேனும் லோடு எறக்கிட்டா இப்படித்தான சுத்துது? உப்பு மூட்டையத் தூக்கிப் போடுங்க."

டிக்கி ஒரு மூட்டைதான் கொண்டது. சக்கரத்துக்கு அடியில் கீற்று போட்டார்கள். அப்போதும் சுற்றியது. உடனே ஸ்டெல்லா டிக்கி மேல் ஏறி உட்கார்ந்தாள். "அத்தை, நீங்களும் வாங்க." அந்தோணிசாமியின் அக்கா அவர், பெரிய சரீரம். அவர் உட்கார்ந்ததும் டிக்கி மூடியில் ஒரு குழி விழுந்தது, வண்டி முனகிக்கொண்டே நகர்ந்தது.

இப்படியாக, என் மனைவியை நான் முதன்முதலில் நேரில் பார்த்தது ரிவர்ஸ் பார்க்கும் கண்ணாடியில். மனசுக்குள் கோயில் மணியே அடித்தது.

"டேய், ரோட்டப் பாருடா," என்றாள் அம்மா.

அந்தோணிசாமி குளித்துவிட்டு வந்தார். காபி கொடுத்தார். வெளியே போய் என் டயரை ஒருமுறை குனிந்து பார்த்தார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வார முடிவில் தரகர் வந்தார். "பொண்ணுக்குச் சம்மதம். நகையெல்லாம் உங்க இஷ்டம். டயர மட்டும் மாத்திடணும்னு சொல்லிட்டாங்க."

மாற்றினேன். இருந்தாலும் கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்து, "தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று சாமியார் நிறுத்திய இடத்தில், பின் வரிசையிலிருந்து சின்ன மாமனார் குரல் கேட்டது. "டயர் மாத்திட்டாரான்னு கேளுங்க சாமி." பாடற்குழுவே சிரித்தது.

சிவப்பு வண்டி போய் இப்போது வீட்டில் சாதாரணக் கார். முன்சக்கர இழுப்பு. மாமனார் வீட்டு வாசல்வரை சிமெண்ட் ரோடும் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அவர் டிக்கியைத் திறந்து ஒரு மூட்டை உப்பைப் போடுவார். போன சித்திரையில், தார் உருகுகிற வெயிலில், வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மழை வர்ற மாதிரி இருக்குது மாப்ள. எதுக்கும் இருக்கட்டும்."

எங்கள் தெருவில் யாரும் காசு கொடுத்து உப்பு வாங்குவதில்லை.