விமானத்துக்கு ஒரு பக்குவம் இருக்குது

பக்குவக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. ஊறுகாய்ப் பக்குவம், பலகாரப் பக்குவம் தெரிந்தவர்களை இதில் சேர்க்க வேண்டாம். அவர்களால் யாருக்கும் தொந்தரவில்லை. இவர் வேறு. இவர் புதுச் சாமான் வாங்கவே மாட்டார். இன்னொருவர் பத்து வருஷம் வைத்திருந்து, அலுத்து, இனி இதோடு மாரடிக்க முடியாது என்று கைகழுவிய சாமானைத் தேடிப் பிடித்து வாங்குவார். முதல் வாரம் அதன் கோளாறுகளைக் கண்டுபிடிப்பார். இரண்டாம் வாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கு வழி செய்துகொள்வார். மூன்றாம் வாரத்திலிருந்து அது கோளாறே இல்லை, அந்தச் சாமானின் குணம். நாலாம் வாரத்தில் அந்தக் குணம் தெரியாத நாமெல்லாம் அதைத் தொடுவதற்கே லாயக்கற்றவர்கள் ஆகிவிடுவோம்.

இவர்களை நீங்கள் ஸ்கூட்டர் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். பம்புசெட்டு பக்கத்திலும் பார்த்திருப்பீர்கள். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் சிவஞானத்துக்கு வாய்த்தது ஆகாய விமானம்.

ஆமாம், விமானம்தான். கோயம்புத்தூரில் மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் எஞ்சினியர், தன் கார் கொட்டகையில் பதினொரு வருஷம் தட்டிக் கொட்டிச் சொந்தக் கையாலேயே செய்தது. இரண்டு பேர் உட்காரலாம். 2006 தை மாதம் அது லாரியில் வந்து உப்புக் கொட்டகைக்குள் இறங்கியது. பறப்பதற்கான அனுமதிக் காகிதம் டெல்லியிலிருந்து வர வேண்டும், வரவில்லை. அதனால் பாத்திகளுக்கு நடுவே போகும் மண் ரோட்டில், உப்பு லாரிகள் வராத நேரமாகப் பார்த்து, தினம் இரண்டு நடை தரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார் சிவஞானம்.

அதைக் கிளப்புவதென்றால் சும்மாவா? வலது கதவு வெளியிலிருந்து திறக்காது என்பதால் இடது பக்கம் ஏறி, அந்தக் கதவையும் ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்துச் சாத்தி, பெட்ரோல் முள் எப்போதும் பாதியிலேயே நிற்கும் என்பதால் அதற்கு முன்பே தென்னை ஈர்க்கை டாங்கிக்குள் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டு, கைப்பம்பை மூன்று தரம் அமுக்கி (இரண்டென்றால் இருமும், நாலென்றால் பிளக் நனைந்துவிடும்), வெளியே நிற்கும் ஆளை விட்டு மூக்கிலிருக்கும் விசிறியைப் பின்பக்கமாக அரைச் சுற்று சுற்றச் சொல்லி, அது நின்றதும் முன்பக்கம் இழுக்கச் சொல்லி, இழுத்த ஆள் ஓடிப்போய் ஒதுங்கும் வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் கிளம்பும். சில நாள்.

கிளம்பினால், பிரேக் போடும்போதெல்லாம் இடது பக்கம் இழுக்கும். உப்பளத்து டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் மரியதாஸ் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

“முதலாளி, வலது பிரேக்கு தேஞ்சி போச்சி. மாத்திடலாம்.”

“தேயலப்பா. அது கொஞ்சம் யோசிச்சிப் புடிக்கும். தெரிஞ்சவன் முன்கூட்டியே மிதிப்பான்.”

“தெரியாதவன்?”

“தெரியாதவன் எதுக்கு ஏர்றான்?”



ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. வலது ஸீட்டில் எடை வேண்டும். வேறு ஊராக இருந்தால் மணல் மூட்டை வைத்திருப்பார்கள். உப்பளத்தில் எடை வேண்டுமென்றால் கை எங்கே போகும்? தார்ப்பாய் பறக்காமலிருக்க உப்பு மூட்டை, கதவு அடிக்காமலிருக்க உப்பு மூட்டை, சாப்பிட உட்கார உப்பு மூட்டை என்று பழகிய கை. ஐம்பது கிலோ மூட்டை ஒன்று ஸீட்டில் ஏறிக் கால் வைக்கும் இடம் வரை பிதுங்கி உட்கார்ந்தது. வண்டி நேராக ஓடியது. சிவஞானத்துக்குப் பெருமை தாங்கவில்லை. உப்பு படிந்துவிடக்கூடாதென்று விமானத்தின் வெளிப்பக்கத்தைத் தினமும் இரண்டு டிரம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். தண்ணீர் லாரிக்காரர் வாய்விட்டே திட்டினார். உள்ளே மூட்டை பாட்டுக்குக் கடற்காற்றில் வியர்த்து, அடித் தகட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கே கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஐந்து மாதம் போயிற்று.

ஒரு வியாழக்கிழமை மரியதாஸ் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். “ரிவிட்டு பூரா உப்பு அரிச்சி வெள்ளையா பூத்திருக்குது முதலாளி. மூட்ட இருக்கிற பக்கம் தகடு விரல வெச்சா அமுங்குது.”

“அலுமினியம்னா கொஞ்சம் வளைஞ்சி குடுக்கும்ப்பா. அதுக்கு ஒரு பக்குவம் இருக்குது.”

மரியதாஸ் போன பிறகு சிவஞானம் தனியாக ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது. பக்கத்திலும் அமுக்கிப் பார்த்தார். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை அந்த ஸீட்டில் உட்காரப் போவது மூட்டை அல்ல, அவர் மனைவி சுலோசனா.

முட்டிவலிக்காரி அவள். பெருமுக்கல் மலைமேல் இருக்கும் கோயிலுக்கு ஏறி எட்டு வருஷம் ஆகிறது. அதைத்தான் சிவஞானம் பிடித்துக்கொண்டிருந்தார்: காகிதம் வரட்டும், கோபுரத்தை மேலேயே சுற்றிக் காட்டுகிறேன், நீ ஒரு படிகூட ஏற வேண்டாம். ஐந்து மாதம் மாட்டேன் என்றவள், கடைசியில் தரையில் ஒரு நடை வருகிறேன் என்று இறங்கி வந்திருந்தாள். இப்போது போய்த் தகடு இற்றுவிட்டது என்று சொன்னால் ஐந்து மாதம் பேசிய பேச்செல்லாம் என்ன ஆவது? நேராகத் திண்டிவனம் போனார். தடிமனான பச்சை ரப்பர் பாய் ஒன்று வாங்கி, அளவாக வெட்டி, தகட்டின் மேல் விரித்தார். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மூட்டையை இறக்கி வைத்தார்கள். சுலோசனா பட்டுப்புடவையில் வந்து ஏறினாள். பெல்ட்டை மாட்டிக்கொண்டு கேட்டாள்:

“ஏங்க, ஒண்ணும் ஆவாதில்ல?”

“என்னா ஆவப்போவுது? நான் தெனமும் ஒக்காரல?”

“நீங்க அந்தப் பக்கம் ஒக்கார்றீங்க. இந்தப் பக்கம் மூட்டதான ஒக்காருது.”

அந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். கைப்பம்பை மூன்று தரம் அமுக்கினார். விசிறி சுற்றியது. உப்பளத்து ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வரப்பில் நின்று பார்த்தார்கள். விமானம் மாட்டுவண்டி வேகத்தில் கிளம்பி, நூறடி ஒழுங்காகப் போய், லாரித் தடத்துப் பள்ளத்தில் இறங்கி ஏறியது. தகடும் பாயும் சேர்ந்து கழன்று ரோட்டில் விழுந்தன. சுலோசனாவின் இரண்டு காலும் மரக்காணத்து மண்ணில் நின்றன.

நின்றன என்று சொல்வது சரியில்லை, நடந்தன. பெல்ட்டு அவளைப் பிடித்திருந்தது. வலது பிரேக் யோசித்துக்கொண்டிருந்தது. சாவியை உள்ளே தள்ளித் திருப்பினால்தான் எஞ்சின் அணையும் என்கிற பக்குவம் அன்றைக்கு அவருக்கே கைவரவில்லை. பட்டுப்புடவையும் முட்டிவலியுமாக அவள் விமானத்துக்குள் உட்கார்ந்தபடியே எட்டடி நடந்தாள். அப்புறம்தான் எஞ்சின் தானாகவே இருமி நின்றது.

மரியதாஸ் ஓடி வந்து, அடி ஓட்டை வழியாகக் கையை விட்டு உள்ளிருந்து கதவைத் திறந்து அவளை இறக்கினார். கால் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே பின்னால் போய், கீழே கிடந்த பாயை எடுத்துப் புரட்டினாள்.

“பாய் புதுசா இருக்குது. எப்ப போட்டீங்க?”

“வியாழக்கெழம.”

“எதுக்குப் போட்டீங்க?”

சிவஞானம் வாயைத் திறந்தார். கதவுக்கு இருந்தது, பிரேக்குக்கு இருந்தது, பெட்ரோல் முள்ளுக்கு இருந்தது. இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரு பக்குவமும் இல்லை.  மரியதாஸ் எஞ்சினைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். சுலோசனா பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

நாலு நாள் அவள் அவரோடு பேசவில்லை. அவரும் யாரோடும் பேசவில்லை; திருந்திவிட்டார் என்றுகூட ஊரில் நினைத்தார்கள். ஐந்தாம் நாள் டீக்கடையில் சொன்னார்: “அடித்தகடு இல்லாததும் ஒரு வெதத்துல நல்லதுதான். எஞ்சின் சூடு காலுக்கு ஏறாது.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன மாதம் வந்த விருந்தாளி குளியலறைக்குள் நுழைந்ததும், வெளியே நின்று “தாழ்ப்பாள லேசா தூக்கி, சொவரு பக்கம் தள்ளி, அப்புறம் போடுங்க” என்று குரல் கொடுத்தது யார்? அது போகட்டும். சமையலறையில் ஷாக் அடிக்கிற ஒரு சுவிட்ச் இருக்கிறதே, அதை மர ஸ்கேலால்தான் தட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்து எத்தனை வருஷம் ஆகிறது? பழுது என்று ஒத்துக்கொண்டால் ஒரு எலக்ட்ரீஷியன் போதும். பக்குவம் என்று சொல்லிவிட்டால் வீட்டிலிருக்கிறவர்கள் ஆயுசு பூராவும் ஜாக்கிரதையாக இருந்தாக வேண்டும். இதைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே ஸ்கேல் எங்கேயென்று கேட்கிற சத்தம் வருகிறது. எழுந்து போய் மெயினை அணையுங்கள்.