அக்ராய்டு வீட்டு ஏரியல்

கூரைமேல் ஏரியல் இருந்தால் கீழே டெலிவிஷன் இருக்கும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். வரலாற்றின் நலன் கருதி இதைத் திருத்தியாக வேண்டும். வட இங்கிலாந்தின் ஹோம் மாஸ் மலையில் ஒளிபரப்புக் கோபுரம் எழுந்து, யார்க்‌ஷயருக்கும் படம் வரத் தொடங்கிய காலத்தில் ஏரியல் வேறு, பெட்டி வேறு. ஹெர்பர்ட் அக்ராய்டின் புகைபோக்கியே இதற்குச் சாட்சி.

எதிர்வீட்டு க்ளெக் ஏரியல் வைத்த மறுவாரமே ஹெர்பர்ட்டும் வைத்தார், ஒரு முழம் உயரமாக. பெட்டி மட்டும் வாங்கவில்லை. கிரிக்கெட் கேட்க ரேடியோ போதும் என்பது அவர் கட்சி. ஆனால் பஸ் நிறுத்தத்தில், "நேத்து ராத்திரி படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சுப்பா" என்பார். க்ளெக் தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்ப்பார். பொறாமை என்று ஹெர்பர்ட் மகிழ்ந்தார்.

புது ராணிக்கு முடிசூட்டும் நாள் நெருங்கியது.

"ஏங்க, விழா பாக்கத் தெருவையே வரச் சொல்லிட்டேன்" என்றாள் மனைவி எட்னா.

"வந்து எதைப் பாப்பாங்க? என் மூஞ்சியையா?"

"தினம் படம் பாக்கறதா ஊரெல்லாம் சொன்னது நீங்கதானே?"

"ஓகோ! பெட்டி வாங்க வைக்க இந்த நாடகமா? நடக்காது!"

"நான் வாங்கவே சொல்லலியே."

ஹெர்பர்ட் தனக்குள் ஒரு திட்டம் போட்டார். விழா நாளன்று வாசலில் கூடியவர்களைத் துக்க முகத்தோடு எதிர்கொண்டார்.

"என்னத்தச் சொல்ல! காலையில படக்குழாய் வெடிச்சுப் போச்சு."

"வெடிச்சுதா?" என்றாள் க்ளெக்கின் மனைவி. "இப்பத்தானே நானும் எட்னாவும் போட்டுப் பாத்தோம்!"

எட்னா முன்னறைக் கதவைத் திறந்தாள். பாதிரியார் வந்தாலோ சாவு விழுந்தாலோ ஒழிய யார்க்‌ஷயர்க்காரன் தன் வீட்டு முன்னறையில் கால் வைப்பதில்லை. ஹெர்பர்ட் கடைசியாக அங்கே நுழைந்தது மாமனாரின் சவப்பெட்டியோடு. இப்போது அங்கே வேறொரு பெட்டி, லேஸ் துணி போர்த்தி நின்றது.

"இது எப்ப வந்துச்சு?"

"ஈஸ்டருக்கு. ஏரியல் வச்ச வீடாச்சேன்னு கடைக்காரர் மறுபேச்சில்லாம தவணைக்குக் குடுத்தார். பொம்பளைங்க எல்லாரும் தினம் மத்தியானம் பாக்கறோம்."

"மன்னிச்சுக்கோ ஹெர்பர்ட்" என்றார் க்ளெக். "பஸ் நிறுத்தத்துல சிரிப்ப அடக்கறதுக்குள்ள உயிரே போயிடும். எங்க வீட்டுலயும் ஏரியல் மட்டும்தான்."

ஹெர்பர்ட் சட்டென்று நிமிர்ந்தார். "அதனால என்ன? இந்தத் தெருவுலயே முதல் டெலிவிஷன் நம்மளது!"

எல்லோரும் அமர்ந்தார்கள். திரையில் வெள்ளைப் புள்ளிகள் கொட்டின.

"தினமும் இப்படித்தான், புள்ளிக்கு நடுவுல நிழலாத்தான் தெரியும்" என்றாள் எட்னா. "ஏரியல் ஹோம் மாஸைப் பாக்கணும். நம்மளது க்ளெக் வீட்டு ஜன்னலைப் பாக்குது. யாரு அப்படித் திருப்பி வச்சாங்களோ!"

மழைக்கோட்டை எடுத்து நீட்டினாள்.

கூரைமேல் ஹெர்பர்ட் கம்பியைக் கட்டிப்பிடித்துத் திருப்பினார். கீழே பலத்த கைதட்டல். அவருக்கு நெஞ்சு விம்மியது. தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லக் கையை எடுத்தார்.

"ஐயோ, படம் போச்சு! பிடிங்க, விடாதீங்க!"

லண்டனைப் போலவே யார்க்‌ஷயரிலும் அன்று மழை.

கிரீடத்தின் கற்கள்கூடத் தெரிந்தன என்று தெருவே ஒருமனதாகச் சொன்னது. ஹெர்பர்ட்டுக்கு ஒரு வாரம் காய்ச்சல்.