இருபது நிமிடச் சாமியார்

நான் இருபது நிமிடம் சாமியாராக இருந்திருக்கிறேன். திருவண்ணாமலையில் இது ஒரு சாதனையே இல்லை. இங்கே முழுநேரமாகவே பலர் இருக்கிறார்கள். ஆனால் சர்க்கரை வியாதியை மட்டுமே தகுதியாகக் காட்டி அந்தப் பதவிக்கு வந்தவர் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். அவ்வளவு வேகமாகப் பதவி இறக்கப்பட்டவர்களும் இருக்க மாட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முந்தைய என்னை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். அரசு அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். எந்த மனுவோடு எதை இணைக்க வேண்டும், எந்தக் கோப்பு எந்த மேஜைக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்). பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மனைவி கமலா காலமாகி இரண்டு வருடம். மார்பு வரை வெள்ளைத் தாடி. அது பக்தியால் வளர்ந்த தாடி அல்ல. “இன்னா மூஞ்சி இது, கரடியாட்டம்?” என்று கேட்க வீட்டில் ஆள் இல்லாததால் வளர்ந்த தாடி.

ஒரே மகள் வசந்தி, ஓசூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில், “இங்க வந்துடுங்கப்பா” என்பாள். அவளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார்கள். தனியாக உட்கார்ந்திருப்பதற்கு எதற்கு ஓசூர் வரை போக வேண்டும், அதை நான் இங்கேயே செய்துகொள்கிறேனே என்பது என் வாதம். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்.

“உடம்புக்கு ஒண்ணுன்னு வந்துச்சு, அன்னிக்கே வந்து இட்டுனு போயிடுவேன். அப்பறம் நீங்க பேசவே கூடாது” என்றாள்.

ஆக, கமலாவும் நானும் கட்டிய வீட்டில் நான் தொடர்ந்து இருக்க முடியுமா என்பது என் உடம்பின் நன்னடத்தையைப் பொறுத்தது. உடம்பை ஓர் அலுவலகம் போல நடத்துவது என்று முடிவெடுத்தேன். மூன்று வாரம் புத்தகங்கள் படித்து, பதினோரு பிரிவுகள் கொண்ட உணவுமுறை ஆணை ஒன்றைத் தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒட்டினேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் கீரையும் கொஞ்சம் கைக்குத்தல் அரிசிச் சோறும், சாயங்காலம் சுண்டல், ராத்திரி கோதுமை ரவை. பால், தயிர், நெய் கிடையாது. மகளுக்கு ஒரு நகல் அனுப்பினேன்.

ஆணைக்குக் கீழே வைட்டமின் அட்டவணை. ஏ-க்கு முருங்கைக்கீரை. சி-க்கு நெல்லிக்காய். டி-க்கு மொட்டை மாடியில் காலை வெயில், சட்டை இல்லாமல் (எதிர் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்). பி என்பது மட்டும் ஒன்று, ஆறு, பன்னிரண்டு என்று பெரிய கூட்டுக்குடும்பம். ஒவ்வொன்றுக்கும் தனி வரி போட்டால் அட்டவணை இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். எனவே குடும்பம் மொத்தத்தையும் ஒரே வரியில் அடைத்துக் கீரைக்கு ஒதுக்கினேன். பக்கம் பார்க்க அழகாக இருந்தது.

சர்க்கரை அளவும் இறங்கியது. பெருமை தாங்காமல் டாக்டரைப் பார்ப்பதையே நிறுத்தினேன். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி, வேளை தவறாமல் போட்டுக்கொண்டேன். புதுப்பிக்காத உரிமத்தோடு ஒருவன் என் மேஜைக்கு வந்திருந்தால் நிற்க வைத்தே திருப்பி அனுப்பியிருப்பேன்.

அந்தக் கோடையில் என் பாதங்கள் இலேசாயின. தரையில் நடக்கிறேனா, மெத்தையில் நடக்கிறேனா என்று தெரியவில்லை. “பாதங்கள் பஞ்சு போல உள்ளன. உணவுமுறையின் பலன்” என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஒரு நாள் கடைக்குப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன். இன்னொன்று திருட்டுப் போயிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். காலிலிருந்து ஒற்றைச் செருப்பை மட்டும் திருடுபவன் எப்பேர்ப்பட்ட திறமைசாலி என்று யோசிக்கவில்லை.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில்தான் அது நடந்தது. தனியாக இருப்பவனுக்குப் பகல் பதினொன்றரை மணி ரொம்ப நீளமான நேரம். கூழ் முடிந்திருக்கும், கீரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். கோயிலுக்குப் போனால், “கொஞ்சம் நகருங்க” என்றாவது யாராவது நம்மிடம் பேசுவார்கள். போனேன்.

வெளிப் பிராகாரத்துக் கருங்கல் தரையில் நடக்கத் தென்னை நார் விரிப்பு போட்டிருப்பார்கள். அதில் தண்ணீர் தெளித்தும் ஜனங்கள் வாணலியில் விழுந்த கடுகு மாதிரி துள்ளிக்கொண்டு ஓடினார்கள். விரிப்பில் நெரிசலாக இருந்ததால் நான் பக்கத்தில் வெறும் கல்லில் இறங்கி நிதானமாக நடந்தேன்.

“ஏங்க, அங்க பாருங்க! நாம இங்க குதிச்சினு ஓடறோம், அவரு இன்னாடான்னா பொண்ணு பாக்கப் போறா மாதிரி போறாரு!” என்று பின்னால் ஒரு பெண் குரல் கேட்டது.

“கம்முனு வா செல்வி. யாருன்னா சித்தரா இருப்பாரு” என்றது ஓர் ஆண் குரல்.

என் காதில் விழுந்தது. மானமுள்ளவன் அங்கேயே திரும்பி, “நான் ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்” என்று சொல்லியிருப்பான். நான் நடையின் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.

மண்டப நிழலில் என்னைப் பிடித்துவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள். செல்விக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் கணவர் ஏழுமலை நிலக்கடலை விவசாயி.

“சாமி, காலு சுடலீங்களா?” என்று செல்வி கேட்டார்.

“சுடலியேம்மா.”

“மந்திரம் ஏதுனா சொல்றீங்களா?”

“மந்திரம்லாம் இல்லம்மா. எல்லாம் சாப்பாடுதான்.”

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள், “அப்பிடி இன்னா சாப்பிடறீங்க?” என்று கேட்டுவிட்டார். இரண்டு வருடமாக யாரும் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நான் பிரிவு ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.

கேழ்வரகு முடிவதற்குள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். கீரைக்கு வரும்போது பதினைந்து பேர் இருப்பார்கள். பணிக்காலம் முழுவதும் நான் பேச ஆரம்பித்தாலே டீ குடிக்க எழுந்து போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இவர்கள் கைகட்டி நின்றார்கள்.

ஏழுமலைக்கு மட்டும் சந்தேகம் தீரவில்லை. “சாமி, தப்பா நெனச்சுக்காதீங்க. அங்க நடு வெயில்ல போய் நின்னு சொல்லுங்களேன், நாங்க இங்கிருந்து கேக்கறோம்.”

போனேன். ஜனங்கள் நிழலில், நான் கொதிக்கும் கல்லின் நடுவில். குரலை உயர்த்திப் பிரிவு ஐந்து, பிரிவு ஆறு என்று போய்க்கொண்டிருந்தேன். நாலைந்து செல்போன்கள் என்னைப் படம் பிடித்தன.

“சாமி, சிக்கன் சாப்பிடலாமா?” என்று ஒருவர் கத்தினார்.

“கேள்விகள் கடைசியில்” என்றேன் (சாமியாருக்கு அந்தத் தோரணை பொருந்தவில்லைதான், பழக்கதோஷம்).

பிரிவு ஒன்பதில் செல்விக்குப் பக்தி கட்டுக்கடங்காமல் போய்விட்டது. நிழலிலிருந்து துள்ளித் துள்ளி ஓடிவந்து தடாலென்று என் காலில் விழுந்தார். நானும் கையைத் தூக்கிவிட்டேன். ஆனால் அவர் எழவில்லை.

“சாமி, கால எடுங்க.”

“நல்லா இரும்மா…”

“நல்லா இருக்கறது கெடக்கட்டும், கால எடுங்க!”

எடுத்தேன். கல்லில் என் பாதம் ஈரமாகப் பதிந்திருந்தது. உள்ளங்காலைப் பார்த்தேன். தோல் எண்ணெயில் போட்ட அப்பளம் போல எழும்பி, ஓரம் கிழிந்து தொங்கியது. அதைப் பார்த்த பிறகும் வலிக்கவில்லை.

“ஏங்க, ஓடியாங்க! இவரு சாமி இல்லீங்க, சுகர் பேஷண்ட்டு! ஒங்க அம்மாவுக்கும் இப்பிடித்தான மரத்துப்போயி வெரலு எடுத்தாங்க!”

அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது. சிக்கன் கேட்டவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். செல்போன்கள் மட்டும் கடைசி வரை கலையவில்லை.

ஏழுமலை என்னைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் உட்கார வைத்தார். சற்று முன் என்னைக் கும்பிட்ட செல்வி, வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

“படிச்சவரு மாதிரி இருக்கறீங்க. காலப் பாக்க மாட்டீங்களா? வீட்ல யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லம்மா.”

“அதான் பாத்தேன்” என்றார். எதைப் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை.

“போனக் குடுங்க, பசங்க யாருக்குனா சொல்லணும்” என்றார். உரிய நேரத்தில் நானே தெரிவித்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். பிடுங்கிக்கொண்டார். நான் பேசியவர்களின் பட்டியலில் மேலிருந்து கீழ் வரை ஒரே பெயர்தான் இருந்தது. அதனால் அவருக்குத் தேட வேண்டிய சிரமம் இருக்கவில்லை.

மருத்துவமனையில் இளம் வயதுப் பெண் டாக்டர். புண்ணுக்குக் கட்டுப் போட்ட பிறகு, கையில் மெல்லிய தூண்டில் நரம்பு போன்ற ஒன்றை எடுத்துக்கொண்டார்.

“கண்ண மூடிக்கோங்க சார். கால்ல இதத் தொடறப்ப சொல்லுங்க.”

ஓசூர் பஸ் கண்முன் வந்து நின்றது. இந்தத் தேர்வில் தேறியே ஆக வேண்டும். ஓர் இடைவெளி விட்டு, “தெரியுது” என்றேன். இன்னொரு இடைவெளி. “தெரியுது.” மூன்றாவது முறை இன்னும் உறுதியாக, “நல்லாவே தெரியுது.”

“சார், நான் இன்னும் தொடவே இல்ல” என்றார் டாக்டர்.

ரத்தப் பரிசோதனையில் பி12 அடிமட்டத்தில் இருந்தது. நான் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த அட்டவணை நகலை நீட்டினேன். பொறுமையாகப் படித்தார்.

“பி12 கீரையில இல்ல சார். பால், தயிர், முட்டை, கறி, மீன், இதுலதான் இருக்கு. நீங்க சைவம். போதாததுக்கு இந்த சக்கரை மாத்திரைய வருஷக்கணக்கா போட்டா, சில பேருக்கு பி12 கம்மியாகும். அப்பப்ப டெஸ்ட் எடுக்கணும். சக்கரையும் நரம்பக் கெடுக்கும், இதுவும் கெடுக்கும். ரெண்டும் சேந்துக்கிச்சு. ஊசி போடறேன். ஆனா மரத்துப் போனது எவ்ளோ திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது.”

கூட்டுக்குடும்பத்தை ஒரே வரியில் அடைத்த கை மேஜை மேல் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“பாலு, தயிரு எதுக்கு நிறுத்தினீங்க?”

“கொழுப்பு. பிரிவு ஏழு” என்றேன். அவரும் கொழுப்பு என்று எழுதிக்கொண்டார்.

உண்மை வேறு. நான் வாங்கியது அரை லிட்டர் பால் பாக்கெட். கமலா இருந்தபோது அது போதவே போதாது. சாயங்காலக் காப்பிக்கு இன்னொன்று வாங்க என்னை விரட்டுவாள். அவள் போன பிறகு ஒரு டம்ளர் போக மீதியைத் தயிராக்கினேன். அந்தத் தயிர் தீராமல் புளித்தது. தினமும் காலையில் தொட்டியில் கொட்டினேன். வெள்ளையாகச் சுழன்று போவதை எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டு நிற்பது? ஒரு நாள் பால்காரரிடம், “நாளையிலிருந்து வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். கொழுப்பு என்ற காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

செல்வியும் ஏழுமலையும் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். வசந்தியும் மாப்பிள்ளையும் அன்று சாயங்காலமே காரில் வந்து சேர்ந்தார்கள். வரும் வழியிலேயே மாப்பிள்ளையின் செல்போனுக்கு யாரோ ஒரு வீடியோ அனுப்பியிருந்தார்கள். “அண்ணாமலையில் அனல் தாங்கும் மகான்” என்று தலைப்பு. ‘பகிர்ந்தால் நல்லது நடக்கும்’ என்று கீழே எழுதியிருந்தது. மகான் பிரிவு ஆறைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“மாமா, பதினோரு பிரிவும் முடிச்சீங்களா, இல்ல பாதியிலயே தூக்கினாங்களா?” என்று மாப்பிள்ளை பயபக்தியோடு விசாரித்தார்.

வசந்தி சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். பிறகு நேராகப் போய்ப் பெட்டியை எடுத்து என் வேட்டிகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் வாதாடவில்லை. எந்த விதியை எடுத்தாலும் தீர்ப்பு எனக்கு எதிராகத்தான் வரும். அவள் அடுக்கி முடிக்கும் வரை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “வர இஷ்டமே இல்லையாப்பா?”

“இல்லம்மா” என்றேன். பணிக்காலத்திலும் சரி, பிறகும் சரி, காரணமே காட்டாமல் நான் சமர்ப்பித்த ஒரே மனு அதுதான்.

அவள் அந்த வேட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். ஒரு வாரம் லீவு போட்டு என்னோடு இருந்தாள். கிளம்பும்போது நிபந்தனையைச் சொன்னாள். மருந்து, ஊசி, பால், எல்லாம் டாக்டர் சொன்னபடி. அதோடு தினமும் சாயங்காலம் ஆறரை மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். நான் இரண்டு உள்ளங்காலையும் காட்ட வேண்டும். ஒரு நாள் காட்டத் தவறினாலும் பெட்டிதான்.

மூன்று வருடமாக அது நடந்துகொண்டிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்து, ஒரு காலைத் தூக்கி, செல்போனை அதன் கீழே பிடிப்பது என் வயதில் எளிய ஆசனம் அல்ல. முதல் வாரம் அவள் என் முட்டியையும் மின்விசிறியையும்தான் பார்த்தாள். மாப்பிள்ளை இதற்குப் பாத தரிசனம் என்று பெயர் வைத்துவிட்டார். ஆறரை ஆனால், “வசந்தி, நடை திறந்தாச்சு, வா!” என்று அவர் அங்கே குரல் கொடுப்பது எனக்கு இங்கே கேட்கும். உறவினர் கல்யாணங்களில், “எழுந்து நில்லுங்க, அனல் தாங்கும் மகான் வர்றாரு” என்று நாற்காலி போடுகிறார்கள். செல்வியும் எப்போதாவது போன் செய்து, “சாமி, காலு எப்பிடி இருக்கு?” என்பார். சாமி என்பதை மட்டும் அவர் விடவில்லை.

புண் எப்போதோ ஆறிவிட்டது. மரத்துப் போனதில் பாதி திரும்பியிருக்கிறது. குளிர்ந்த தரை இப்போது குளிர்கிறது. போன வருடமே டாக்டர், “ஒரு சின்னக் கண்ணாடிய தரையில வச்சு உள்ளங்கால நீங்களே தினமும் பாத்துக்கலாம் சார். மகளுக்கு எதுக்கு தெனம் செரமம்?” என்றார்.

கண்ணாடி வாங்கி, தினமும் காலையில் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தகவலை மகளுக்கு நான் இன்னும் அனுப்பவில்லை.