சொத்துரிமை போனதும் இன்னாசியம்மாள் நிலக்காரி ஆனதும்

சேசு மரி சூசை துணை

மாரண்டஹள்ளி,
ஆகஸ்டு 1979

மதிப்பிற்குரிய மச்சான் வியாகுலம் அவர்களுக்கு, தங்கள் தங்கை புருஷன் மதலைமுத்து எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மாடுகள் சுகம். தங்கள் தங்கை இன்னாசியம்மாள் மிகவும் சுகம். நான்தான் அவ்வளவாகச் சுகமில்லை. அதற்குக் காரணம் இந்திய அரசியல் சட்டத்தின் நாற்பத்து நான்காவது திருத்தம்.

ஜூன் மாதம் சவரக்கடையில் எனக்கு ஒரு கன்னம் முடிந்து மறு கன்னத்தில் சோப்பு போட்டிருந்த நேரம், பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கத்து நிலத்துக்காரன் பச்சியப்பன், "மதல, சொத்துரிமைய எடுத்துட்டாங்களாம்பா! இனிமே அது அடிப்படை உரிமை இல்லியாம்" என்றான். "எடுத்துட்டா என்னா ஆவும்?" என்றேன். "கெவுருமெண்டு நெனச்சா நெலத்த அளந்து எடுத்துக்குவான். நீ யாருகிட்டப் போயி கேப்ப? பொம்பளைங்க பேர்ல இருந்தா ஒருவேள தொடமாட்டான்" என்றான். நெருக்கடி நிலையின்போது சந்தையில் ஏதோ பேசினான் என்று நம் ஊர் ஆள் ஒருவனைப் பிடித்துப்போய் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் பச்சியப்பன் 'ஒருவேளை' என்றது என் காதில் விழவே இல்லை. பாதிச் சவரத்தோடு வூட்டுக்கு ஓடினேன்.

இன்னாசியம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். "எல்லா நெலத்தையும் உம் பேருக்கு எழுதப் போறேன், கெளம்பு" என்றேன். அவள் என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்குங்க நெலம்? மொதல்ல மொகத்தக் கழுவுங்க" என்றாள். கேட்டிருக்கலாம் மச்சான், அன்றைக்கு அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். மல்லுக்கட்டி, சத்தம் போட்டு, மறுநாளே பாலக்கோடு ரிஜிஸ்தர் ஆபீசுக்கு இழுத்துப்போய், அவளுக்கு அவ்வளவையும் எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தேன். அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு தர்மபுரியில் ஒரு வக்கீலிடம் இந்தச் சாமர்த்தியத்தைச் சொன்னபோது அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பெரியவரே, சட்டம் போடாம யாரும் உங்க நெலத்தத் தொட முடியாதுங்க. உரிமை போவல, அடிப்படை உரிமையா இருந்தது சாதாரண சட்ட உரிமையா எடம் மாறியிருக்குது, அவ்வளவுதான். எடுக்கறதுன்னா ஆம்பள பேரு பொம்பள பேருன்னு பாக்கவும் மாட்டாங்க. இதே திருத்தத்துல, நெருக்கடி நிலை வந்தாலும் உசுரையும் சுதந்திரத்தையும் கேட்டு இனிமே கோர்ட்டுக்குப் போலாம்னு நல்லது ஒண்ணு பண்ணியிருக்காங்களே, அத யாரும் உங்களுக்குப் படிச்சுச் சொல்லலீங்களா?" என்றார். அந்தச் சுதந்திரத்தை வூட்டுக்குள்ளே கேட்க ஏதாவது கோர்ட்டு உண்டா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

ஏனென்றால் அதற்குள் இங்கே ஆட்சி மாறிவிட்டது. நான் நிலக்கடலை என்றால் அவள் ராகி என்கிறாள். கூலியாட்கள் நான் சொல்லும் வேலைக்குத் தலையாட்டிவிட்டு, "அம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கறோங்க" என்கிறார்கள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் மச்சான். ஆனால் ஓசூர்க் கம்பெனியில் இருக்கும் நம் பையன் யாகப்பனுக்கென்று நான் நினைத்து வைத்திருந்த கிணற்றடி நிலத்தை, புருஷன் செத்துத் திரும்பி வந்திருக்கும் மகள் ராஜமேரிக்கு வாய்வார்த்தையாகவே கொடுத்துவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. "பொண்ணுக்குக் கல்யாணத்துல செய்ய வேண்டியது செஞ்சாச்சு" என்றேன். "அதெல்லாம் அவ புருஷன் வைத்தியத்தோட போச்சுங்க. நம்ம காலத்துக்கு அப்புறம் அவ யாரு வூட்டு வாசல்ல நிப்பா?" என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன். "நெலம் எம் பேர்ல இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றாள். முப்பது வருஷம் எனக்குப் பதில் பேசாத வாய் மச்சான் அது. இல்லை, பேசினாளோ என்னவோ, நான்தான் கேட்காமல் இருந்தேனோ, இப்போது ஒன்றும் புரியவில்லை.

ஆகையால் தாங்கள் இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறி வந்து, தங்கைக்குப் புத்தி சொல்லி, நிலத்தை என் பெயருக்கே திருப்பி எழுதவைக்கும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். அக்காவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
நிலமில்லாத,
மதலைமுத்து

பின்குறிப்பு: வர வேண்டாம். இதை ஒட்டப்போகும் நேரத்தில் இன்னாசியம்மாள் வந்து, "உங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க. வாங்க பாலக்கோட்டுக்கு, எல்லாத்தையும் திருப்பி எழுதித் தர்றேன். ராஜமேரிகிட்ட மட்டும் நீங்களே போயி சொல்லிட்டு வந்துருங்க" என்றாள். போனேன். ராஜமேரி கிணற்றடி நிலத்தில் தக்காளி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை நம் வாசலில் வந்து இறங்கிய நாளிலிருந்து நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை; இன்று நிமிர்ந்து, "அப்பா, நாத்து மேல கால வெச்சிராதீங்க" என்று அதட்டினாள். "என்னங்கப்பா?" என்றாள். "தண்ணி பத்துதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். பஸ் போய்விட்டது என்று இன்னாசியம்மாளிடம் சொன்னேன். பஸ் எங்கள் எதிரிலேயே ஹாரன் அடித்துக்கொண்டுதான் நின்றது. அவள் பயணத்துக்குக் கட்டியிருந்த புடவையை மாற்ற உள்ளே போனாள். யாகப்பனுக்கு நானே கடிதம் எழுதிச் சொல்லிக்கொள்கிறேன். பெங்களூரில் நல்ல தக்காளி விதை கிடைத்தால் ராஜமேரி பெயருக்கு அனுப்பவும்.